கடைமடை வயலும் களைக்கொல்லி தாங்கும் நெல்லும்

களையை மருந்தாலேயே வென்றுவிடலாம் என்ற நம்பிக்கையை உலகத்தில் மிகப் பெரிய பரப்பில் சோதித்துப் பார்த்த பயிர் சோயா. கிளைபோசேட் மருந்தைத் தாங்கும் சோயா விதை 1996இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பயிர் முளைத்த பிறகு வயல் முழுக்க ஒரே மருந்தை அடிக்கலாம். களை சாகும், சோயா நிற்கும். அதுவரை கையாண்ட முளைப்புக்கு முந்தைய மருந்து, இடை உழவு, பயிர் மாற்றம் எல்லாவற்றையும் பலர் கைவிட்டார்கள். நான்கே ஆண்டில், 2000இல், டெலாவேர் மாநிலத்துச் சோயா வயலில் கிளைபோசேட்டுக்கு அடங்காத களை பதிவாயிற்று. 2005இல் ஜார்ஜியாவின் பருத்தி வயலில் அதே மருந்துக்கு அடங்காமல் பாமர் அமராந்த் எழுந்தது. நம் தண்டுக்கீரைக்கு உறவான செடி அது. ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும். அதை அடக்க டைகாம்பா என்ற பழைய மருந்தைத் தாங்கும் சோயா வந்தது. அந்த மருந்து ஆவியாகிப் பக்கத்து வயல்களுக்குப் பரவ, 2017இல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாகப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

தலத்தெருவில் சோயா விளைவதில்லை. காரைக்கால் நகரத்தை ஒட்டிய இந்தப் பகுதியிலும் இதைச் சூழ்ந்த ஊர்களிலும் நெல்தான் பயிர். நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும். ஆனாலும் சோயா எழுதிய அதே தேர்வை இந்த வயல்களும் எழுதத் தொடங்கிவிட்டன. "மருந்து கேட்க மாட்டேங்குது" என்ற பேச்சு டெல்டாவில் எங்கும் இருக்கிறது. அதற்கு இரண்டு பதில்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, கடைக்கு வந்திருக்கும் அடுத்த மருந்து. மற்றொன்று, மருந்தைத் தாங்கும் நெல் விதை. இந்த இரண்டாவது பதில் கடைமடைக்குப் பொருந்துமா என்று எடைபோடுவதே இங்கே என் வேலை.

முதலில் வயலைப் பார்க்க வேண்டும். காரைக்கால், காவிரியின் கிளையாறுகள் கடலைத் தொடும் வால் பகுதி. அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜனாறும் இங்கே வந்து சேரும்போது மேலே உள்ளவர்கள் எடுத்தது போக எஞ்சியதே கிடைக்கும். காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குக் காவிரி நடுவர் மன்றம் 2007இல் ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அளவைவிடப் பெரிய சிக்கல் நாள். மேட்டூர் திறந்த பிறகும் தண்ணீர் எப்போது வாய்க்காலுக்கு வரும், வந்தால் எத்தனை நாள் நிற்கும் என்பது கடைசிவரை நிச்சயமில்லை. நாற்று விட்டு, பறித்து, நடுவதற்கான தண்ணீரும் ஆளும் ஒரே நேரத்தில் கூடிவராததால் நேரடி விதைப்புக்குப் பலர் போனார்கள். புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. சேற்றில் தெளிப்பவர்களும் உண்டு.

நேரடி விதைப்பு செலவையும் நாளையும் மிச்சப்படுத்துகிறது. அதற்கான விலையைக் களையில் கட்டுகிறோம். நடவு வயலில் நாற்று மூன்று நான்கு வாரம் மூத்தது. களை விதை அன்றுதான் முளைக்கிறது. மேலே தண்ணீர் வேறு நிற்கிறது. இந்த மூன்று வாரப் பிந்தலும் தண்ணீர்ப் போர்வையும்தான் நெல்லுக்கு இருந்த பெரிய பாதுகாப்பு. நேரடி விதைப்பில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே நாளில் முளைத்து ஒரே உயரத்தில் நிற்கின்றன. இளசில் எது எது என்று அனுபவக் கண்ணுக்கும் தடுமாறும். அதனால்தான் மருந்தின் மேல் இவ்வளவு பாரம் விழுகிறது.

"மருந்து கேட்கவில்லை" என்ற புகாரை அப்படியே எதிர்ப்புத்திறன் என்று எழுதிக்கொள்வது தவறான நோயறிதல். என் பார்வையில் இதுதான் இந்த விவாதத்தின் மிக முக்கியமான, மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி. மருந்து தோற்கக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் எதிர்ப்பு.

முதற்காரணம், அந்த மருந்து அந்தக் களைக்கு உரியதே இல்லை. டெல்டாவில் பரவலாக அடிக்கப்படும் பிஸ்பைரிபேக் சோடியம் குதிரைவாலியை நன்றாக அடக்கும். சீலைப்புல்லிடம் அதன் கை ஓங்காது. அது சீலைப்புல்லின் இயல்பு, பழகிப் பெற்ற எதிர்ப்பு கிடையாது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் குதிரைவாலி ஒழிந்து அந்த இடத்தில் சீலைப்புல் உட்கார்ந்துகொள்ளும். விவசாயிக்கு இரண்டும் புல்தான். "முன்னே செத்த புல் இப்போ சாகலை" என்றுதான் படும். மருந்தைத் தவிர வேறு காரணமும் இதற்கு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். கதிரேசன் காவிரி டெல்டாவில் செய்த களைக் கணக்கெடுப்பில், முன்பு ஆட்சி செய்த குதிரைவாலி இனங்களைப் பின்தள்ளிச் சீலைப்புல்லும் ஆரைக்கீரையும் மேலெழுந்தது பதிவாகியிருக்கிறது. ஒரு வாரம் வெள்ளம், அடுத்த வாரம் வெறும் ஈரம் என்று மாறி மாறி வரும் நிலையை இரண்டும் தாங்குவதே காரணம் என்று அந்த ஆய்வு சொன்னது. கடைமடையின் நீர் நிலை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் இருக்க முடியாது.

இரண்டாவது காரணம் காலம். மூன்று, நான்கு இலைப் பருவத்தில் அடிக்க வேண்டியதை, ஆளும் தெளிப்பானும் கிடைத்த நாளில் தூர்கட்டிய புல்லின் மேல் அடிப்பது. மூன்றாவது தண்ணீர். பிஸ்பைரிபேக் 10 சதக் கரைசலை ஏக்கருக்கு 100 மில்லி என்று கடைக்காரர் சொல்வது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரை வடித்து, களை இலை வெளியே தெரிய அடித்து, இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி தண்ணீர் கட்டி ஒரு வாரம் நிறுத்த வேண்டும் என்ற மீதிப் பாதி, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வராத ஊரில் எப்படி நடக்கும்? மருந்து பாதி வேலையைச் செய்கிறது. பின்னால் தண்ணீர் கட்டி முடிக்க வேண்டிய மீதி வேலை நடப்பதே இல்லை. செலவை மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்து அடிப்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

நான்காவதுதான் உண்மையான எதிர்ப்பு. இதைப் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. மருந்துக்குத் தப்பிய செடிகளின் விதையையும், மருந்தே படாத இடத்திலுள்ள அதே இனத்தின் விதையையும் தனித்தனிச் சட்டிகளில் முளைக்கவைத்து, மூன்றிலைப் பருவத்தில் பரிந்துரைத்த அளவும் அதன் இரு மடங்கும் அடித்து, மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் போதும். ஒன்று செத்து மற்றொன்று நின்றால் எதிர்ப்பு. இரண்டும் செத்தால் குற்றம் தெளிப்பில். காரைக்காலில் 1987 முதல் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. இந்தச் சோதனையைக் கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகச் செய்துவிட முடியும். அது நடக்கும்முன் எந்தப் புது விதையையும் தீர்வு என்று சொல்வது, சோதிக்காமல் மாத்திரை எழுதுவது.

எதிர்ப்பு வெறும் பூச்சாண்டி என்றும் நான் சொல்லவில்லை. நாடு இதை ஒருமுறை அனுபவித்துவிட்டது. அரியானாவின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை 1970களின் பிற்பகுதியிலிருந்து தொடர்ந்து அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபலாரிஸ் மைனர் என்ற புல் அதற்கு அடங்க மறுத்தது. சில இடங்களில் கோதுமையைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதாயிற்று. வேறு இலக்கைத் தாக்கும் மருந்துகள் 1990களின் இறுதியில் வந்து காப்பாற்றின. பிறகு அவற்றுக்கும் எதிர்ப்பு வளர்ந்தது. நமக்கு இன்னும் நெருக்கமான ஈழத்துக் கரையில், நேரடி விதைப்பே வழக்கமான நெல் வயல்களில், புரோபனிலுக்கு அடங்காத குதிரைவாலி 1990களிலேயே பதிவாகிவிட்டது. தாய்லாந்தின் நேரடி விதைப்பு வயல்களில், சீலைப்புல்லை அடக்க வந்த ஃபினாக்சாபுரோப் மருந்துக்கே சீலைப்புல் பழகிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட நம்மை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டிய செய்தி 2021இல் வந்தது. ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககத்தின் விஞ்ஞானிகள், சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் நெல் வயல்களிலிருந்து எடுத்த வட்டக்கோரை பிஸ்பைரிபேக்குக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதை நிறுவினார்கள். இந்தியாவில் அந்தக் கோரையில் அதுவே முதற்பதிவு. வட்டக்கோரை கிழங்கால் பரவும் கோரை கிடையாது. தூசி போன்ற விதையால் பரவுவது. ஒன்றரை மாதத்துக்குள் முளைத்துப் பூத்து விதை உதிர்த்துவிடும். ஒரு பருவத்துக்குள்ளேயே இரண்டு தலைமுறை ஓடிவிடுவதால் எதிர்ப்பு தேர்ந்தெடுக்கப்படும் வேகமும் அதற்கேற்றபடி கூடும்.

இங்கே கொஞ்சம் உயிரியல் தேவை. பிஸ்பைரிபேக், பைரசோசல்ஃபியூரான், பென்சல்ஃபியூரான், பெனாக்ஸ்சுலாம், மெட்சல்ஃபியூரான், டிரையஃபமோன்: டப்பாவும் நிறமும் நிறுவனமும் விலையும் வேறு வேறு. ஆனால் இவை அத்தனையும் தாக்குவது செடிக்குள் இருக்கும் ஒரே நொதியை. ஏ.எல்.எஸ். என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தானே தயாரிக்க அது வேண்டும். மனிதருக்கும் மாட்டுக்கும் அந்த நொதியே கிடையாது. இந்த மருந்துகளின் நச்சுத்தன்மை நமக்குக் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏக்கருக்குச் சில கிராம் போதும் என்பதும் இவற்றின் நல்ல பக்கம். கெட்ட பக்கம் என்னவென்றால், அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், மருந்து ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போய்விடும். அப்படி மாறிய செடி லட்சத்தில் ஒன்றாக வயலில் முன்பே இருக்கலாம். மருந்து அதை உண்டாக்குவதில்லை. மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. "போன வருஷம் அந்த மருந்து, இந்த வருஷம் மாத்தி அடிச்சேன்" என்று சொல்பவர் பல வேளைகளில் பெயரை மட்டுமே மாற்றியிருப்பார்.

கடைமடைக்கென்று தனியாக ஒரு சிக்கல் இதில் சேர்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தைத் தெளிக்கும் வழக்கம் இங்கே உண்டு. உழவு கிடையாது, களை முளைத்தால் கையாலோ மருந்தாலோ பார்த்துக்கொள்ள வேண்டும். விதைத்த மூன்றாவது வார வாக்கில் அடிக்கப்படும் மருந்துகளில் ஒன்று இமாசெத்தபைர். மத்தியப் பிரதேசத்துச் சோயா வயல்களில் பெருமளவு பயன்படுவதும் இதே மருந்துதான். இதுவும் அந்த ஏ.எல்.எஸ். குடும்பம். ஆக, குறுவையில் பைரசோசல்ஃபியூரான், அடுத்த தாளடியில் பிஸ்பைரிபேக், உளுந்தில் இமாசெத்தபைர் என்று போனால், ஒரே மண்ணிலுள்ள களை விதை வங்கியின் மேல் ஓராண்டில் மூன்று முறை ஒரே இடத்தில் அடி விழுகிறது. பயிர் மாறியதால் மருந்தும் மாறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது மருந்தைத் தாங்கும் நெல்லுக்கு வருவோம். இதன் கதையில் நமக்குப் பெருமைப்படவும் இடமுண்டு. நாகினா 22 என்ற பழைய நெல்லின் விதையை ரசாயனத்தால் மாற்றமுறச் செய்து, ஆயிரக்கணக்கான செடிகளை மருந்தடித்துச் சலித்து, இமாசெத்தபைருக்குச் சாகாத செடியைக் கண்டெடுத்தது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் எஸ். ராபினும் அவர் குழுவும். அந்தக் குணத்தை டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பாஸ்மதிக்குள் ஏற்றியது; பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு ரகங்கள் 2021இல் வெளியாயின. வேற்று உயிரின் மரபணு எதுவும் இதில் நுழைக்கப்படவில்லை. ஆகவே மரபணு மாற்றுப் பயிருக்கான ஒப்புதல் பாதை இதற்குத் தேவைப்படவில்லை. கலப்பின நெல்லிலும் தனியார் நிறுவனம் இதே குணத்தைக் கொண்டுவந்துவிட்டது. பாஸ்மதி நம் ஊர்ப் பயிர் இல்லைதான். ஆனால் நாளை ஆடுதுறை ரகம் ஒன்றில் இதை ஏற்றத் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது.

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது. நேரடி விதைப்பின் ஒரே பெரிய தடை களை என்றால், அந்தத் தடையை விதையிலேயே நீக்குவது நேர்த்தியான வழி. இமாசெத்தபைர் இலைவழியாகவும் வேர்வழியாகவும் கொல்லும். மண்ணில் தங்கி அடுத்து முளைப்பதையும் அடக்கும். அடிக்கும் நாள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பலன் இருக்கும். பஞ்சாபில் நிலத்தடி நீர் அதல பாதாளத்துக்குப் போய்விட்ட நிலையில், சேறு கலக்காமல் நெல் போட இது வழி தருகிறது. அங்கே கோதுமையோடு சுழலும் வயலில் இதை ஓரளவு பொறுப்போடு கையாளவும் முடியலாம்.

அந்த வாதத்தைக் கடைமடை வயலில் வைத்தால் அது உடைந்துபோகிறது. ஏற்கெனவே மூன்று அடி வாங்கும் அதே நொதியின் மேல் நான்காவது அடியைத்தான் இந்த விதை கொண்டுவருகிறது. பிஸ்பைரிபேக்குக்குப் பழகிய வட்டக்கோரையில் மாற்றம் நொதியிலேயே இருந்தால், இமாசெத்தபைரும் அதன்மேல் பலிக்காமல் போக வாய்ப்பு அதிகம். புதுப் பூட்டு என்று வாங்கி, பழைய சாவியாலேயே திறக்கும் பூட்டை மாட்டுவது போன்றது இது. அடுத்த சிக்கல் நெல்லே. அறுவடையில் உதிர்ந்த நெல் அடுத்த பருவத்தில் தானாக முளைக்கும். அது மருந்தைத் தாங்கும் நெல்லாக இருந்தால் உளுந்துக்குள் இமாசெத்தபைர் அதைத் தொடாது. இன்னும் கவலைக்குரியது களைநெல், அதாவது வயலில் களையாகவே வளரும் நெல். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அயல் கலப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வளவு போதும் என்று அமெரிக்காவின் தென்மாநிலங்கள் காட்டிவிட்டன. இதே வகை நெல் அங்கே 2002இல் வந்தது. சில ஆண்டுகளில் அதன் குணம் களைநெல்லுக்குள் புகுந்து, எந்தக் களைக்காக விதை வாங்கினார்களோ அதே களை மருந்துக்கு அடங்காமல் நின்றது. மலேசியாவில் 2010இல் வந்து, அதே கதை இன்னும் வேகமாக நடந்தது. ஆண்டுக்கு இரு போகம் நெல்லும் நேரடி விதைப்பும் அங்கே வழக்கம். டெல்டாவின் நிலைமை பஞ்சாபைவிட மலேசியாவுக்கே பக்கம்.

எதிர்த்திசை வாதத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். மருந்தே வேண்டாம், கைக்களை போதும் என்பவர்கள் அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்வதில்லை. மண்டியிட்டுச் சேற்றில் குனிந்து, நெல்லின் சுணை அறுக்க, நாள் முழுக்கக் களை பிடுங்கியவர்கள் பெரும்பாலும் நிலமற்ற பெண்கள். அவர்கள் அந்த வேலையிலிருந்து விலகிப் போனதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு முறை முழுக் கைக்களை என்பது இன்றைய கூலியில் சிறு விவசாயிக்குத் தாங்காது. வேண்டிய நாளில் ஆளும் கிடைக்காது. வரிசை நடவில் கோனோவீடர் ஓட்டுவது நல்ல வழி. ஆனால் அதற்கு வரிசை வேண்டும், மெல்லிய தண்ணீர் வேண்டும். கையால் வாரித் தெளித்த வயலில் அதை எங்கே ஓட்டுவது? விதைக்கும் கருவியால் வரிசையாக விதைப்பவர்களுக்கு மட்டுமே அந்த வாசல் திறந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. இமாசெத்தபைர் தாங்கும் நெல்லைக் காரைக்கால் உள்ளிட்ட கடைமடைக்கு இப்போது பரிந்துரைக்கக் கூடாது. மருந்துகளைக் கைவிடவும் வேண்டாம்; ஏ.எல்.எஸ். மருந்தை ஒரு வயலில் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கக் கூடாது என்பதை அடிப்படை விதியாக்க வேண்டும். நெல்லில் பிஸ்பைரிபேக் அடித்த வயலில் உளுந்துக்கு இமாசெத்தபைர் கூடாது. புல் மட்டும் சிக்கலென்றால் குயிசலோஃபாப் இருக்கிறது, அதன் இலக்கு வேறு. நெல்லில் முதல் மருந்து பிரெட்டிலாகுளோர் போன்ற, முளைக்கும்போதே தாக்கும் வேறு குடும்பமாக இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு களைக்கொல்லி டப்பாவிலும் அது எந்தக் குடும்பம் என்று முகப்பிலேயே குறியீடு இருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கும் நம் விவசாயிக்கும் குடும்பத்தைக் கேட்டு வாங்கும் வசதி வேண்டும். அதுவரை வேளாண் துறை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஒட்டலாம்.

மருந்து மாற்றுவது மட்டும் போதும் என்று நம்பவும் முடியாது. சில களைகள் நொதியை மாற்றாமல், உள்ளே வரும் மருந்தையே சிதைத்துச் செரிக்கக் கற்றுக்கொள்கின்றன. அரியானாவின் ஃபலாரிஸ் அப்படித்தான். அவ்வகைச் செடி இதுவரை பார்த்திராத மருந்தையும் செரித்துவிடக்கூடும். அதனால் மருந்தில்லாத அடி ஒன்றாவது ஆண்டுதோறும் விழ வேண்டும். சம்பா மட்டும் போடும் வயலில் கோடை மழையில் உழுது, அடுத்த ஈரத்தில் களையை முளைக்கவிட்டு, இரண்டு வாரத்தில் மேலாக உழுது அழித்துவிட்டு விதைப்பது மிகப் பலன் தரும். குறுவையும் தாளடியும் போடுபவருக்கு அந்த இரண்டு வாரம் கிடையாது. அவர் தாமதித்தால் இளம்பயிர் ஐப்பசி மழையில் மூழ்கும். அவரிடம் இதைச் சொல்வது நியாயமில்லை. அவருக்குக் களையை மூடி அடக்கும் பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டும், மருந்துக்குத் தப்பிய களையைப் பூக்கும்முன் ஒருமுறை மட்டும் தேடிப் பிடுங்குவதும் பொருந்தும். முழு வயலையும் களையெடுப்பதற்கும் தப்பிய சில நூறு செடிகளை எடுப்பதற்கும் கூலியில் பெரிய இடைவெளி உண்டு. எதிர்ப்பு விதை உதிராமல் தடுப்பது இந்த இரண்டாவது வேலைதான். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் அறுவடை மிஷினை வயலில் இறக்கும்முன் தட்டிக் கூட்டச் சொல்வதும் இதோடு சேரும்; அடுத்த ஊரின் கோரை விதை அதன் வயிற்றில் வருகிறது.

இவற்றில் பாதி, மருந்தடித்த மூன்றாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வருமா என்பதைப் பொறுத்தது. முறைத் தண்ணீர் நாளை முன்கூட்டி அறிவித்து அதன்படி விடுவது பொதுப்பணித் துறையின் வேலை. களைக் கட்டுப்பாட்டில் அந்தத் துறைக்குள்ள பங்கு எந்த மருந்து நிறுவனத்தின் பங்கையும்விடப் பெரியது.

தீர்ப்பை மாற்றிக்கொள்ளவும் இடம் வைத்திருக்கிறேன். சட்டிச் சோதனையில் இங்கேயுள்ள கோரையும் புல்லும் ஏ.எல்.எஸ். மருந்துக்கு இன்னும் முழுதும் அடங்குகின்றன என்று தெரிந்து, உதிர்ந்த நெல்லையும் களைநெல்லையும் தொடர்ந்து கணக்கெடுத்து, கடைமடையிலேயே சில ஆண்டு சோதனை நடத்தி முடிவை வெளியிட்டால், இந்த விதையைத் திரும்பவும் பரிசீலிக்கலாம். ஆடுதுறையிலோ டெல்லியிலோ நடந்த சோதனையை இங்கே பொருத்திக்காட்டினால் ஏற்க முடியாது; அந்த வயல்களுக்குத் தண்ணீர் வேண்டிய நாளில் கிடைக்கிறது.